ஆக்டா திறப்பதற்குள்

தன்னுடைய சாவுக்கு எத்தனை மணிக்கு வரவேண்டும் என்று கேட்ட போனை அச்யுத்தே எடுத்தான்.

காலை ஆறே முக்கால். அசோக் நகர் வீட்டுச் சமையலறையில் அவன் மனைவி மாளவிகா குக்கர் வைத்துக்கொண்டிருந்தாள். போனில் அழுதவள் நிஷா, மாளவிகாவோடு பாங்கில் வேலை பார்ப்பவள். அடையாறிலிருந்து பேசினாள். எடுத்தது யார் என்றுகூடக் கேட்காமல், பஸ் டெப்போ பக்கத்துச் சுவர் முழுக்க அச்யுத் சார் போட்டோ போட்டுக் கண்ணீர் அஞ்சலி ஒட்டியிருக்கிறது, நேற்று சாயங்காலம்கூட நீ ஒன்றும் சொல்லவில்லையே, எப்படி ஆச்சு, எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்று மூச்சு விடாமல் கொட்டினாள். அச்யுத் நிதானமாக, “நான்தான் அச்யுத் பேசறேன்” என்றான். அந்தப் பக்கம் ரிசீவர் எதன்மீதோ விழுந்து உருளும் சத்தம் கேட்டது.

முதலில் அவனுக்குச் சிரிப்புத்தான் வந்தது. வரத்தானே செய்யும். அந்தப் போஸ்டரை எழுதியவன் அவன், படம் அவன் படம், ஒட்டச் சொன்னதும் அவனே.

அச்யுத் ஆழ்வார்பேட்டையில் ஒரு விளம்பரக் கம்பெனியில் ஆறு வருஷமாகத் தமிழ் எழுதுகிறவன். தமிழ் எழுதுவது என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஏ.சி. அறையில் உட்கார்ந்து ஆங்கிலக்காரர்கள் யோசிப்பார்கள்; யோசித்து முடித்ததை வெளியே மின்விசிறிக்கடியில் உட்கார்ந்து இவன் தமிழாக்குவான். ‘மயூரா’ கம்ப்யூட்டர் அவர்களிடம் வந்தபோதுதான் முதல்முறையாக இவன் சொன்ன யோசனையைக் கேட்டார்கள். மயூரா புதுசு. திரையில் சின்னச் சின்னப் படங்கள் இருக்கும், மவுஸை நகர்த்தித் தட்டினால் போதும். ஊரெல்லாம் இருந்ததோ ‘ஆக்டா’. கறுப்புத் திரை, பச்சை எழுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டளையை மனப்பாடம் பண்ணி அடிக்க வேண்டும், ஆன் செய்தால் விழித்துக்கொள்ளவே ஒரு யுகம் ஆகும். மயூராவின் பெருமையைப் பேசுவதைவிட ஆக்டாவைக் கிண்டல் பண்ணினால் ஜனங்கள் தாமாக இந்தப் பக்கம் வந்துவிடுவார்கள் என்றான் அச்யுத். தமிழன் சிரிக்க வைத்தவனைக் கைவிட மாட்டான் என்று அடித்துச் சொன்னான்.

முதல் கிண்டல் ஜூலையில் பத்திரிகையில் வந்தது. நெற்றியில் நாமம் போட்ட ஒரு பெரியவர், கறுப்புத் திரைக்கு முன்னால் பஞ்சபாத்திரத்தோடு உட்கார்ந்து மூக்கைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். கீழே, ‘ஆக்டாவை ஆன் பண்ணுங்கள். சந்தியாவந்தனம் முடியட்டும். ஒருவேளை திறந்திருக்கும்.’ ஆபீசில் எல்லாரும் கைதட்டினார்கள். கைதட்டல் அவனுக்கு, சரக்கு அவனுடையது இல்லை. மயிலாப்பூரில் சித்திரக்குளத்துப் பக்கம் ஒற்றை ஆளாகக் குடியிருக்கும் அவனுடைய அப்பா ராமானுஜம் சர்க்கார் வேலையிலிருந்து ரிடையரானதும் ஒரு ஆக்டா வாங்கி வாசல் அறையில் வைத்துக் கம்ப்யூட்டர் ஜாதகம் போட்டுக் கொடுத்துவந்தார். தினமும் காலையில் அதை ஆன் பண்ணிவிட்டுச் சந்தி பண்ணப் போவார். முடித்து வரும்போது அது தயாராக இருக்கும். அதை அவரே பெருமையாகப் பிள்ளையிடம் சொல்லியிருந்தார். பிள்ளை அதை அரைப் பக்கத்துக்கு விற்றுவிட்டான்.

பத்திரிகையைப் பார்த்த ராமானுஜம் கத்தவில்லை. அவன் அந்த ஞாயிற்றுக்கிழமை போனபோது, “இனிமே இங்கே வராதே, என்னைப் பார்த்தா உனக்கு விளம்பரம்தான் தோணும்” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். நாலு மாசமாகப் பேச்சு இல்லை.

அந்தக் கிண்டலால் மயூராவுக்காவது லாபம் உண்டா என்றால் அதுவும் இல்லை. ஜனங்கள் சிரித்தார்கள், பத்திரிகையை மடித்து வைத்தார்கள், ஆக்டாவையே வாங்கினார்கள். போதாக்குறைக்கு, ஜாதகம் பார்க்கிற கம்ப்யூட்டர் என்று ஒன்று இருப்பது அந்த விளம்பரத்தைப் பார்த்துத்தான் பாதிப் பேருக்குத் தெரிந்ததாம். சித்திரக்குளத்துக்குக் கூட்டம் கூடியதாகக் கேள்வி. ஏளனம் பண்ணினால் யாராவது மனசு மாறுவார்களா மாட்டார்களா என்று ஆபீசில் ஒரு முழு மத்தியானம் சண்டை நடந்தது. மாற மாட்டார்கள் என்றான் கிரீஷ், ஏ.சி. அறைக்காரர்களுக்குத் தலைவன். மறுபடியும் மின்விசிறிக்கடிக்கே அனுப்பிவிடுவார்களோ என்கிற பயத்தில் அச்யுத் வாயைத் திறந்தான். பத்திரிகை விளம்பரத்தை யாரும் படிப்பதில்லை. கண்ணீர் அஞ்சலிப் போஸ்டருக்கு நிற்காதவன் இந்த ஊரில் உண்டா என்று கேட்டான்.

அப்படிப் பிறந்ததுதான் அது. கறுப்பு பார்டர், மேலே பெரிதாகக் ‘கண்ணீர் அஞ்சலி’, நடுவில் மாலை போட்ட போட்டோ. அதற்குக் கீழே பொடி எழுத்தில், ‘திரு. பொறுமைநாதன். ஆக்டாவை ஆன் செய்தது காலை 9.00. அது திறந்தபோது அவர் இல்லை.’ இன்னும் பொடியாக மயூராவின் பேரும் போன் நம்பரும். அளவு பார்ப்பதற்காக ஆர்ட்டிஸ்ட் அச்யுத்தின் அடையாள அட்டைப் படத்தை நடுவில் ஒட்டி வைத்திருந்தார். மயூராவின் மானேஜர் நெடுஞ்செழியன் அதைப் பார்த்துவிட்டு, முகத்தை மாத்தாதீங்க, ரொம்ப நேரம் காத்துக்கிட்டிருந்த ஆள் மாதிரியே இருக்கு என்று சிரித்தார். அச்யுத்துக்கு ஒரே சந்தோஷம். ஐந்நூறு போஸ்டர் அடித்தார்கள். மாளவிகாவிடம் மட்டும் அவன் சொல்லவில்லை. சொன்னால் அவள் அதைக் கொளுத்தியிருப்பாள்.

இப்போது சொல்ல வேண்டியதாயிற்று. அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்று கேட்டாள். திட்டவில்லை. முகம் மட்டும் வெளுத்துவிட்டது.

“ஏன்னா, மயிலாப்பூர்லயும் ஒட்டறாளா?”

மயிலாப்பூர், தி. நகர், அடையாறு என்று அவனே பட்டியல் எழுதிக் கொடுத்திருந்தான். அதைச் சொல்ல வாயெடுத்தபோதே அவனுக்குப் புரிந்துவிட்டது.

“அப்பா காலம்பற பாலுக்குப் போவாரே” என்றாள் மாளவிகா.

ஜனவரியில் ராமானுஜத்துக்கு மார்வலி வந்து ராயப்பேட்டை ஆஸ்பத்திரியில் பதினொரு நாள் படுத்திருந்தார். திடீரென்று எதையும் சொல்லாதீர்கள், சந்தோஷமான சமாசாரமானாலும் மெதுவாகச் சொல்லுங்கள் என்று டாக்டர் அச்யுத்தைத்தான் தனியாக அழைத்துச் சொன்னார். அவன் தலையாட்டிவிட்டு வந்தான். நவம்பர் மழையில் அப்பா வீட்டுப் போன் ஒரு வாரமாக ஊமை. அது தெரிந்தும் மாளவிகா நம்பரைச் சுழற்றிப் பார்த்தாள். ரிசீவரை வைத்த மறுகணமே போன் அடித்தது. வேறு யாரோ, துக்கம் விசாரிக்க. அச்யுத் சட்டையைப் பொத்தான் மாற்றிப் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரைக் கிளப்பினான்.

தி. நகர் வரைக்கும் அவன் மனசு வக்கீல் மாதிரி வாதாடிக்கொண்டு வந்தது. அப்பா கண்ணாடி இல்லாமல் போயிருப்பார். மழைத் தூறலில் வெளியே வந்திருக்கவே மாட்டார். வந்தாலும் நின்று படித்திருப்பார், படித்தால் கிண்டல் என்று தெரிந்துவிடும், அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாதா என்ன. உஸ்மான் ரோட்டில் திரும்பியதும் வக்கீல் வாயை மூடிக்கொண்டான். ஒரு நீளச் சுவரில் அவன் எட்டுத் தடவை செத்துக் கிடந்தான்.

ஆபீஸ் மேஜையில் பார்த்தபோது அது விளம்பரமாக இருந்தது. இங்கே, பசை ஈரம் காயாமல், ஒரு ஜவுளிக்கடைப் போஸ்டருக்கும் ஒரு அரசியல் மாநாட்டுக்கும் நடுவில், அது சாவாகவே இருந்தது. எதிர் நடைபாதையிலிருந்து பார்த்தால் இரண்டு வார்த்தையும் ஒரு முகமும்தான் தெரிகிறது. பொறுமைநாதனும் தெரியவில்லை, மயூராவும் தெரியவில்லை. கண்ணீர் அஞ்சலிக்கு நிற்காதவன் இல்லைதான். யார் என்று பார்க்க நிற்கிறான். தெரிந்த முகமானால் உச்சுக் கொட்டுகிறான், தெரியாத முகமானால் நடையைக் கட்டுகிறான். பொடி எழுத்தைப் படிக்க எவன் நிற்கிறான்? இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவனுக்கு, தானே ஆயிரம் அஞ்சலிகளை அப்படித் தாண்டிப் போனவனுக்கு, இது ஏன் தோன்றவில்லை?

இறங்கிப் போய் ஒன்றைப் பிடித்து இழுத்தான். பாதி வந்தது. மாலையும் வாயும் கையோடு வர, இரண்டு கண்கள் மட்டும் சுவரிலேயே நின்று அவனைப் பார்த்தன. பூக்கூடையோடு போன ஒரு பெண்பிள்ளை நின்று, செத்தவன் போஸ்டரைக் கிழிக்கிறியே, உனக்கும் பொண்டாட்டி புள்ள இருக்காதா என்று வைதாள். ஹெல்மெட்டுக்குள்ளே இருந்தது யார் என்று அவளுக்குத் தெரியாது. அவனுக்குக் கழற்றிக் காட்டத் தைரியம் இல்லை. அடுத்ததைத் தொடவும் கை வரவில்லை. கிழிக்கக் கிழிக்கத் தனக்கே ஏதோ பண்ணிக்கொள்கிற மாதிரி இருந்தது. சாஸ்திரம் சம்பிரதாயமெல்லாம் பார்க்காதவன்தான் அச்யுத். அன்றைக்கு இடது பக்க மார்பில் கை வைத்து, அடித்துக்கொள்கிறதா என்று பார்த்துக்கொண்டான்.

ஆழ்வார்பேட்டையில் ஒரு எஸ்.டி.டி. பூத்தில் நுழைந்து கிரீஷின் வீட்டுக்குப் போன் போட்டான். ஒட்டுவதை உடனே நிறுத்து என்று சொல்வதற்குள் கிரீஷ் குதிக்க ஆரம்பித்துவிட்டான். விடியற்காலையிலிருந்தே நெடுஞ்செழியன் ஆபீசில் போன் ஓயவில்லையாம், இருபத்திரண்டு அழைப்பாம், வாட்ச்மேன் எழுதி எழுதிக் கை வலிக்கிறது என்கிறானாம். மயூராவைப் பற்றி எத்தனை பேர் கேட்டார்கள் என்றான் அச்யுத். கிரீஷ் கொஞ்சம் தயங்கினான்.

“அது வந்து... எல்லாரும் பாடி எங்க இருக்குன்னுதான் கேக்கறாங்க மச்சி. ஆனா பாரு, நம்பர் வரைக்கும் படிச்சிருக்காங்க.”

அச்யுத் ரிசீவரை வைத்துவிட்டான். பூத்துக்காரர் சில்லறை கொடுத்தபோது முகத்தை இரண்டு தடவை பார்த்தார்.

லஸ் முனையில் சேட்டு அகப்பட்டான். போஸ்டர் ஒட்டுகிற கான்டிராக்ட் அவனுடையது. மற்ற இடங்களுக்கு ஆள் அனுப்பிவிட்டு மயிலாப்பூரை மட்டும் தானே பார்த்துக்கொள்வான். அடையாற்றங்கரைக் குடிசையிலிருந்து விடியற்காலை ஐந்து மணிக்கே சைக்கிளில் பசை வாளியைத் தொங்கவிட்டுக்கொண்டு, பொண்டாட்டி தேவானையோடு கிளம்பிவிடுவான். இருவரும் டீக்கடை ஓரத்தில் குந்தியிருந்தார்கள். அச்யுத் ஹெல்மெட்டைக் கழற்றினான். சேட்டு கையிலிருந்த கிளாஸை மெதுவாகத் தரையில் வைத்துவிட்டு எழுந்து, இரண்டடி பின்னால் போனான்.

“இன்னா சார் இது. உசுரோட கீறியா?”

விளம்பரம்தான் என்று அச்யுத் சொன்னதும், அதை முன்னாடியே சொல்லக்கூடாதா, விடிகாலைலேர்ந்து உன் மூஞ்சிய தடவிக்கினு கீறோம், தேவான ரெண்டு வாட்டி அழுதுச்சு என்று சேட்டு சலித்துக்கொண்டான். ஒட்டுகிறவனுக்குப் படிக்கத் தெரியாது. கறுப்பு பார்டரைத்தான் தெரியும். அச்யுத் ஒரே கேள்விதான் கேட்டான். சித்திரக்குளம் பக்கம் ஒட்டியாகிவிட்டதா?

“மொதல்ல அங்கதான் ஒட்னோம். அஞ்சர இருக்கும். பெருசு ஒண்ணு வந்துச்சு சார், நாமம் போட்டுக்கினு, கையில பால் பாக்கெட்டு. செவுத்தாண்டயே நின்னுக்கினு இருந்துச்சு. ஒரு வார்த்த பேசல. அப்பால ஒண்ணு குடுப்பான்னு கேட்டு வாங்கி, சுருட்டிக்கினு போயிடுச்சு.”

தேவானை எழுந்து சைக்கிள் பையில் கைவிட்டு ஒரு பால் பாக்கெட்டை எடுத்து நீட்டினாள்.

“இத அங்கியே வச்சிட்டுப் போயிடுச்சு சார். கூப்ட்டேன், திரும்பல. உனுக்கு இன்னா ஒறவு?”

அச்யுத் பால் பாக்கெட்டை வாங்கிக்கொண்டான். வெதுவெதுப்பாக இருந்தது. நாற்பது வருஷமாக ஒரு கைக்குட்டையைக்கூட எங்கேயும் மறந்து வைத்துவிட்டு வராத மனுஷர் ராமானுஜம்.

அங்கிருந்து சித்திரக்குளம் ஐந்து நிமிஷம்கூட இல்லை. அந்த ஐந்து நிமிஷத்தை அச்யுத் சாகும்வரை மறக்கப்போவதில்லை. ஐந்தரை மணிக்குப் பார்த்திருக்கிறார், இப்போது எட்டு. இரண்டரை மணி நேரம். செய்தி தெரிந்த எந்த அப்பாவும் பிள்ளை வீட்டுக்கு ஓடி வந்திருப்பார். அவர் வரவில்லை. வராததற்கு ஒரே காரணம்தான் இருக்க முடியும் என்று அவன் மனசு சொல்லிக்கொண்டே வந்தது. நாலு மாசமாகப் பேசாமல் இருந்துவிட்டு, கடைசியில் அவருக்கு அனுப்பிய சேதி இதுவா? ஐந்நூறு காப்பி அடித்து, கான்டிராக்ட் விட்டு, அவர் பால் வாங்கப் போகிற வழியில் ஒட்டியிருக்கிறான். 

சந்து முனையிலேயே அவன் முகம் இருந்தது. நாலைந்து பேர் வாசலில் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டு நின்றார்கள். ஸ்கூட்டரைப் பார்த்ததும் பேச்சு நின்றது. ஹெல்மெட்டுக்குள் இருந்தவனிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. வழி மட்டும் விட்டார்கள். சாவு வீட்டில் அப்படித்தான் வழி விடுவார்கள்.

குழாயடியில், பின் போர்ஷனில் குடியிருக்கும் அபயாம்பாள் மாமி நின்றிருந்தாள். காலடியில் ஒரு வாளி நிறையத் தண்ணீர். ஹெல்மெட்டைக் கழற்றியவனை அவள் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். பிறகு கிட்ட வந்து, முழங்கைக்கு மேல் அவன் சதையை விரலால் அமுக்கிப் பார்த்தாள். அதற்கப்புறம்தான் அவளுக்குக் குரல் வந்தது.

“துக்கம் கேட்டாத் தலை முழுகணுமேன்னு உங்கப்பாவுக்கு ஸ்நானம் பண்ண ரெண்டு மணி நேரமா ஜலம் எடுத்து வச்சிண்டு நிக்கறேண்டா அச்சு. வரமாட்டேங்கறார். தெருக்கோடிக் கடைலேர்ந்து உங்காத்துக்குப் போன் பண்ணச் சொன்னா எப்பவும் எங்கேஜ்டா இருக்கு. ஸ்நானம் பண்ணிட்டு ஆட்டோ வச்சுண்டு போலாம் மாமான்னு கெஞ்சிப் பார்த்துட்டேன். இருங்கோ, அது சொல்லட்டும்கறார்.”

எது சொல்லட்டும் என்று கேட்கவேண்டிய அவசியம் இருக்கவில்லை. உள்ளேயிருந்து பிரிண்டர் கறகறவென்று ஒரு வரியைக் கீச்சிவிட்டு நின்றது. உயிர் இருக்கிறது என்று ஒரு கணம் அச்யுத்துக்கு மூச்சு வந்தது. அடுத்த கணம் வேறொரு பயம் பிடித்துக்கொண்டது. செத்துப் போன பிள்ளை பின்னால் வந்து நின்றால் அந்த மார்பு தாங்குமா? மெதுவாகச் சொல்லுங்கள் என்றாரே டாக்டர். இதை எப்படி மெதுவாகச் சொல்வது?

செருப்பைக் கழற்றிவிட்டு வாசல் அறைக்குள் எட்டிப் பார்த்தான். ராமானுஜம் அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். கறுப்புத் திரையில் பச்சைக் கோடு ஒன்று விட்டு விட்டு மின்னிக்கொண்டிருந்தது. மானிட்டருக்கு வழக்கம்போல ஒரு பொட்டுச் சந்தனம், ஒரு நந்தியாவட்டை. பக்கத்தில் நாக்கடியில் வைக்கும் மாத்திரைப் பட்டை, அதில் இரண்டு குழி காலி. தரையில் துளை போட்ட காகிதம் மடிப்பு மடிப்பாக வழிந்து கிடந்தது. மேலிருந்த மடிப்பில் அச்யுத்தின் பேரும் பிறந்த தேதியும். அடுத்ததிலும் அதுவே. அதற்கடுத்ததிலும். சுருட்டிய போஸ்டர் மேஜைக்கடியில் நின்றது.

“இன்னும் ஒரே ஒரு தடவை மாமி” என்றார் ராமானுஜம், திரும்பாமல். “அப்புறம் வந்துடறேன்.”

அச்யுத் வாசலைப் பார்த்தான். காத்திருந்தால் யாராவது வாசலிலிருந்து கத்தி உளறிவிடுவார்கள். தெரிந்த வார்த்தைகளிலேயே சின்னதைத் தேடி எடுத்து, முடிந்தவரை தணிந்த குரலில் சொன்னான்.

“அப்பா.”

முதுகு அசையவில்லை. கை மட்டும் விசைப்பலகையிலிருந்து நழுவி மடியில் விழுந்தது. அச்யுத் எண்ணிக்கொண்டிருந்தான், எதற்கு எண்ணினான் என்று அவனுக்கே தெரியாது, ஏழு வரைக்கும் எண்ணினான். ராமானுஜம் நாற்காலியோடு மெல்லத் திரும்பினார். முதலில் அவன் காலைப் பார்த்தார். கால் தரையில் படுகிறதா என்று பார்த்தார். பிறகு மாற்றிப் போட்ட பொத்தான், பால் பாக்கெட், முகம்.

“விளம்பரமா?” என்றார்.

“விளம்பரம்தாம்பா.”

அவர் இரண்டு கையாலும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். அச்யுத் ஓடிப் போய்க் காலடியில் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்தான். வேட்டிக்குள் அந்தக் கால் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது, அவன் கையும் அப்படித்தான் அடித்துக்கொண்டது, எது எவருடைய நடுக்கம் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. இன்னொரு மாத்திரையைப் பிரித்து நீட்டினான். அவர் வாயைத் திறந்து வாங்கிக்கொண்டார். அவன் அழுதான். வெட்கப்படவும் இல்லை.

கொஞ்சம் பொறுத்து ராமானுஜம் தரையில் கிடந்த காகிதத்தைக் காட்டினார்.

“ஆயுசு எண்பத்து மூணுன்னு பதினோரு தடவை சொல்லித்துடா. நான் நம்பலை. பத்து வருஷமா ஊருக்கெல்லாம் இதை வச்சுண்டுதான் சொல்றேன், என் கொழந்தைக்குச் சொன்னப்போ நம்பலை. செவுத்துல இருந்ததைத்தான் நம்பினேன்.”

எதற்குப் பதினோரு தடவை என்று அச்யுத் கேட்டான். அவர் சொன்னார். அவன் பிறந்த நேரம் கச்சிதமாகத் தெரியாது. ஆஸ்பத்திரிக் கடிகாரத்தில் விடியற்காலை நாலு இருபதுக்கு அவன் அம்மாவை உள்ளே அழைத்துப் போனார்கள், நாலு முப்பத்தொன்றுக்கு நர்ஸ் வெளியே வந்து பிள்ளை என்று சொன்னாள். நடுவில் எந்த நிமிஷத்திலும் பிறந்திருக்கலாம். நிமிஷம் மாறினால் லக்னம் விளிம்பில் நழுவலாம், ஆயுசும் குறையலாம். போஸ்டரோடு வீட்டுக்கு வந்தவர் நாலு இருபதிலிருந்து ஒவ்வொரு நிமிஷமாகப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். ஆயுர்தாயம் என்கிற ஆயுள் கணக்கு முழுவதும் போட்டு அச்சடிக்க ஆக்டாவுக்கு ஒரு தடவைக்குப் பன்னிரண்டு நிமிஷம் ஆகும். நாலு முப்பது வரைக்கும் முடித்தாகிவிட்டது. பாக்கி ஒரே ஒரு நிமிஷம்; அது ஓடிக்கொண்டிருக்கிறது.

“அதுவும் ஆயிடுத்துன்னா எழுந்து போய்க் குளிச்சிருக்கணும். குளிச்சா முடிஞ்சுதுடா அச்சு, அப்புறம் நீ இல்லைன்னு ஆயிடும். இது மெதுவா சொல்லிண்டிருந்துது. சொல்லிண்டிருக்கற வரைக்கும் நான் உக்காந்துண்டிருந்தேன்.”

அச்யுத் மனசில் கணக்குப் போட்டான். மயூராவில் இந்தக் கணக்குப் பத்து விநாடி. அவனே எழுதியிருக்கிறான், பெரிய எழுத்தில், ஒரு ஆச்சரியக்குறியோடு. பன்னிரண்டு தடவையும் இரண்டு நிமிஷத்தில் முடிந்திருக்கும். ஐந்தே முக்காலுக்கெல்லாம் இவர் எழுந்து, அந்த வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு, ஈர வேட்டியோடு, இந்த மார்போடு தெருவில் இறங்கியிருப்பார். அதற்கு மேல் நினைக்க அவனால் முடியவில்லை.

“இதைப் பார்த்துட்டு யாராவது உங்களோடதை வாங்கறேன்னாளா?” என்று கேட்டார் ராமானுஜம். குத்திக் காட்டுகிற குரல் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

“ஒருத்தரும் கேக்கலைப்பா.”

“நம்பினவா?”

“எல்லாரும்.”

திரையில் பச்சைக் கோடு நின்று போயிற்று. பிரிண்டர் தலையை ஒருமுறை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் இழுத்துப் பார்த்துக்கொண்டது. அணைத்துவிடலாம்பா, நான்தான் வந்துட்டேனே என்று அச்யுத் கையை நீட்டினான். ராமானுஜம் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“இரு. இதுவும் வந்துடட்டும்.”

நாலு முப்பத்தொன்று வர ஆரம்பித்தது. பேர் வந்தது. தேதி வந்தது. கட்டங்கள் ஒவ்வொரு கோடாக, அவசரமே இல்லாமல் வந்தன. ஜாதகத்தை நம்பாத அச்யுத் கண்ணை எடுக்காமல் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.  வாசலில் நின்றவர்கள் ஒருவர் பின் ஒருவராக எட்டிப் பார்த்தார்கள். தசைகள் வந்தன, புத்திகள் வந்தன, ஒரு வெற்று வரி வந்தது. அப்பாவின் விரல்கள் மணிக்கட்டை இறுக்கின. கடைசி வரி கறகறவென்று வந்து நின்றது.

எண்பத்து மூன்று.

ராமானுஜம் அந்தத் தாளைத் துளை வரிசையோடு நிதானமாகக் கிழித்து, நாலாக மடித்து, பிள்ளையின் சட்டைப் பையில் வைத்தார். மாற்றிப் போட்டிருந்த பொத்தானைக் கழற்றிச் சரியான துளையில் போட்டுவிட்டார்.

“மாமிகிட்டப் போய், அந்த ஜலத்தைக் கொட்டிடச் சொல்லு” என்றார்.

அச்யுத் தானே போய் வாளியைத் தூக்கினான். சாய்த்தபோது பாதித் தண்ணீர் அவன் காலிலேயே கொட்டியது.